புஸ்பாகோம் வாசலில் தடுக்கி விழும் மாடிஃபைடு காடிகள்: புகைச் சோதனையில் தேற என்ன வழி?

பழைய வீரா ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறவியில் இருந்த 1.5 இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஹாஃப்கட் கடையில் வாங்கிய 1.8 டர்போ இன்ஜினை ஏற்றியிருக்கிறார்கள். பெயிண்ட் பளபளக்கிறது, ரிம் புதுசு, சத்தம் தாமான் முழுக்கக் கேட்கிறது. விலை பேசி முடித்து முன்பணமும் கைமாறிவிட்டது. அதன் பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை பற்றிய பேச்சு எழுகிறது. விற்பவர் தலையைச் சொறிகிறார். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம் தம்பி, முதல்ல ஓட்டிட்டுப் போங்க" என்கிறார்.

இந்த ஒரு வார்த்தையை நம்பிக் காடியை எடுத்துச் சென்று மாட்டிக்கொண்ட இளைஞர்கள் நம் சமூகத்தில் கொஞ்ச நஞ்சமல்ல.

மலேசியாவில் சொந்தக் காடிகளுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது. லோரி, பஸ், டாக்சி போன்ற வர்த்தக வாகனங்களுக்குத்தான் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதனை. சிங்கப்பூரில் அப்படியல்ல. அங்கே மூன்று வயதைத் தாண்டிய காடி இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், பத்து வயதைத் தாண்டினால் ஒவ்வோர் ஆண்டும் சோதனை மையத்துக்குப் போயாக வேண்டும். எதை மாற்றினாலும் அடுத்த சோதனையில் வெளிப்பட்டுவிடும் என்பது காடிக்காரருக்குத் தெரியும். இங்கே இன்ஜினை மாற்றி, கேட்டலிஸ்டை எடுத்துவிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் ஒருவர் கண்ணிலும் படாமல் ஓட்டிவிட முடியும். அதனால்தான் கணக்குத் தீர்க்கும் நாள் மொத்தமாக வருகிறது. காடியை விற்கும்போது வரும், வங்கிக் கடன் போட பி7 சோதனைக்குப் போகும்போது வரும், அல்லது சாலை நடவடிக்கையில் ஜேபிஜே அதிகாரிகள் பிடித்து, சோதித்துவிட்டு வா என்று நோட்டீஸ் கொடுக்கும்போது வரும்.

1994 முதல் இந்தச் சோதனை என்றாலே புஸ்பாகோம் என்றுதான் மக்கள் சொல்லி வந்தார்கள். 2024 ஆகஸ்டு மாதத்தோடு அதன் தனியுரிமைக் காலம் முடிந்து, மற்ற நிறுவனங்களும் இத்துறைக்குள் வர அரசு வழி திறந்தது. மையத்தின் பெயர்ப்பலகை மாறினாலும் சோதனையின் அடிப்படை மாறாது. குழாய்க்குள் நுழையும் கருவிக்கு யாருடைய காடி என்று தெரியாது.

கருவி எதை முகர்கிறது?

பெட்ரோல் காடி என்றால், எக்சாஸ்ட் குழாயின் முனையில் நீளமான கம்பி போன்ற ஒரு குழலைச் செருகுவார்கள். இன்ஜின் சும்மா நின்று ஓடும் நிலையில், அதாவது ஐட்லிங்கில், வெளியேறும் வாயுவை அது உறிஞ்சும். கருவிக்குள் அகச்சிவப்புக் கதிர் அந்த வாயு வழியாகப் பாயும். ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளத்தில் கதிரை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்பதைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம்.

முக்கியமாகப் பார்ப்பது இரண்டு. கார்பன் மோனாக்சைடு என்பது பெட்ரோல் அதிகமாகி, எரியக் காற்றுப் போதாதபோது பிறப்பது. இது விழுக்காட்டில் வரும். ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலே வெளியே வந்துவிட்ட பெட்ரோல் அல்லது எண்ணெய் ஆவி. இது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் வரும். நல்ல பட்டறைகளில் உள்ள கருவி, கரியமில வாயுவையும் மிச்சமுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துக் காட்டும். அந்த நான்கு எண்களையும் ஒன்றாக வைத்துப் படிக்கத் தெரிந்த ஃபோர்மேன் இருந்தால், காடியின் வியாதியைப் பாதி கண்டுபிடித்த மாதிரி. மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம். மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் எங்கோ ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை. ஆக்சிஜன் காரணமில்லாமல் உயர்ந்திருந்தால் எக்சாஸ்ட் குழாயில் ஓட்டை இருக்கலாம்.

டீசல் வண்டிகளுக்கு வேறு முறை. இன்ஜினைச் சட்டென்று முறுக்கி, புகையின் கருமையை அளப்பார்கள். 1996-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் அதற்கு 50 எச்எஸ்யு என்று வரம்பு வைத்தன. ரீமேப் செய்து, முறுக்கினால் கறுப்பு மேகமாகக் கக்கும் பிக்கப் வண்டிக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் இன்ஜின்களுக்கும் அதே ஆண்டில் தனி விதிமுறை வந்தது. இரண்டுக்கும் தாய்ச் சட்டம் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேகக் காடியை உருவாக்குபவர்கள் எப்போதும் 6,000, 7,000 சுற்றுகளில் எவ்வளவு சக்தி வருகிறது என்றே பார்க்கிறார்கள். சோதனைக் கருவி பார்ப்பதோ 800 சுற்றில் இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்பதை. டைனோவில் 200 குதிரைச் சக்தி காட்டிய காடி, நின்ற இடத்தில் தேறாமல் போவது இதனால்தான். சக்தி கூடியது குற்றமல்ல. ஐட்லிங்கை யாரும் கவனிக்காமல் விட்டதுதான் பெரும்பாலும் குற்றம்.

14.7 என்ற எண்

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. இந்த நிலையைத்தான் லாம்டா 1 என்கிறார்கள். கேட்டலிஸ்ட் இல்லாத ஓர் இன்ஜின் இந்த அளவில் ஓடினால், குழாயில் மோனாக்சைடு அரை முதல் முக்கால் விழுக்காடு அளவில் நிற்கும். கலவையை 13-க்கு இறக்கினால் அது மூன்றரை விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். 12-க்கு இறக்கினால் ஆறு விழுக்காடு வரை போகும். பார்க்கச் சின்ன மாற்றம், விளைவோ பத்து மடங்கு.

பல ட்யூனர்கள் ஐட்லிங்கில் 13-ஐ ஒட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய கேம் போட்ட இன்ஜின் 14.7-இல் நடுங்கும், சில சமயம் அணைந்தும் போகும். பெட்ரோலைக் கொஞ்சம் அதிகம் கொடுத்தால் அமைதியாகிவிடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஆறு மாதம் கழித்து பி5 வரிசையில் நிற்கும்போதுதான் அந்த அமைதியின் விலை தெரியும்.

ஹாஃப்கட் இன்ஜின்கள் எங்கிருந்து வருகின்றன என்று நினைத்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜப்பானில் ஷாக்கென் என்ற கட்டாயச் சோதனை உண்டு. புதுக் காடிக்கு மூன்று ஆண்டு, அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 1998-க்குப் பிந்திய விதிக்கு உட்பட்ட காடிகள் அங்கே ஐட்லிங்கில் மோனாக்சைடு ஒரு விழுக்காட்டுக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 300-க்குள்ளும் இருக்க வேண்டும். அதற்கு முந்தியவற்றுக்கு 4.5 விழுக்காடும் 1,200-உம். ஆக, இங்கே 'சோதனையில் தேறவே தேறாது' என்று கைவிரிக்கப்படும் அதே இன்ஜின், தான் பிறந்த ஊரில் பலமுறை சோதனையில் தேறி வந்த இன்ஜின்தான். இன்ஜின் கெட்டுப்போகவில்லை. கப்பலில் ஏறும்போது அதோடு வந்திருக்க வேண்டிய சென்சர், குழாய், கேட்டலிஸ்ட் ஆகியவை வழியில் காணாமல் போய்விட்டன.

தேறாமல் போவதற்கான காரணங்கள்

முதல் இடம் கேட்டலிஸ்டுக்கு. உள்ளே தேன்கூடு போன்ற நுண்துளைகள். அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அதன் வழியே போகும்போது கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நல்ல நிலையில் உள்ள கேட்டலிஸ்ட், சூடாக இருக்கும்போது, முக்கால் விழுக்காட்டு மோனாக்சைடைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடும். 'காற்றோட்டத்தைத் தடுக்கிறது' என்று சொல்லி இதைக் கழற்றி, டைரக்ட் பைப் போடுவது வழக்கமாகிவிட்டது. கழற்றியதைப் பழைய இரும்புக் கடையில் விற்றால் உள்ளிருக்கும் உலோகத்துக்காக நல்ல விலை கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். அந்தப் பணம் காடிக்காரர் கைக்குப் போகிறதா, கழற்றியவர் கைக்குப் போகிறதா என்பது வேறு கதை.

சக்தி வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சாதாரண கேட்டலிஸ்டில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 துளைகள் போல இருக்கும். 200 துளைகள் கொண்ட உலோகக் கேட்டலிஸ்ட் காற்றை எளிதாக விடும். சாலையில் ஓடும் டர்போ காடிக்கு இதனால் வரும் சக்தி இழப்பை ஓட்டுநரால் உணரக்கூட முடியாது. ஆனால் கலவை தப்பாக இருந்தால் எந்தக் கேட்டலிஸ்டும் நிலைக்காது. எரியாத பெட்ரோல் உள்ளே போய் அங்கே எரிந்து, தேன்கூட்டை உருக்கி அடைத்துவிடும். புதுக் கேட்டலிஸ்ட் வாங்கிப் போட்டும் மூன்றே மாதத்தில் போய்விட்டது என்று புலம்புபவர்கள் கடைக்காரரை ஏசுவதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆக்சிஜன் சென்சர். எக்சாஸ்டில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்து, பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் இசியு-வுக்குச் சொல்லும் கண் இது. இன்ஜின் மாற்றும்போது இதன் வயரைச் சரியாக இணைக்காமல் விட்டுவிடுவது சர்வ சாதாரணம். கண்ணில்லாத இசியு பாதுகாப்புக்காகப் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். காடி ஓடும், ஆனால் எண்ணெய் குடிக்கும், குழாய் கறுக்கும், கண் எரியும் வாடை வரும். பத்து வயதான சென்சரும் செத்த சென்சரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெரிய இன்ஜெக்டர் இன்னொரு சிக்கல். ஐட்லிங்கில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் இரண்டு மில்லிசெகண்ட் போலத்தான். அதில் ஏறக்குறைய பாதி, வால்வு திறக்கவே செலவாகிவிடும். அளவில் இரண்டு மடங்கு பெரிய இன்ஜெக்டரைப் போட்டால், திறந்திருக்கும் நேரம் இன்னும் சுருங்க வேண்டும்; அவ்வளவு சின்ன அளவில் அது துல்லியமாக வேலை செய்யாது. இன்ஜெக்டரின் தாமத நேரத்தை இசியு-வில் சரியாகப் பதிவு செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் பலர் செய்வதில்லை. எரிபொருள் அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டரைப் போட்டுவிட்டுக் கண்மூடித்தனமாகத் திருகிவிட்ட காடிகளும் இதே வகையில் சேரும்.

பெரிய கேம் போட்ட காடியில் உள்ளிழுக்கும் வால்வும் வெளித்தள்ளும் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம் கூடுதல். வேகத்தில் அது சக்தி தரும். ஐட்லிங்கில் புதுக் கலவையே நேராக எக்சாஸ்டுக்கு நழுவிப் போகும். ஹைட்ரோகார்பன் ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. திருகக்கூடிய கேம் புல்லி இருந்தால் அந்த இடைவெளியைக் குறைக்கலாம். ஐட்லிங்கை 1,000 சுற்றுக்குக் கொஞ்சம் உயர்த்தினாலும் எரிதல் சீராகும். பந்தயத்துக்கென்றே செய்த கேம் என்றால் இந்த வித்தையெல்லாம் எடுபடாது. சாலைக்கு ஏற்றதாக மாற்றத்தான் வேண்டும்.

டர்போ வீராக்களுக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. மிட்சுபிஷியின் 4ஜி93 டர்போ, உள்ளே வரும் காற்றை டர்போவுக்கு முன்னாலேயே அளந்துவிடுகிறது. 'ப்ஷ்ஷ்' என்று சத்தம் வர வேண்டும் என்பதற்காகக் காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வைப் போட்டால், ஏற்கனவே அளந்த காற்று வெளியேறிவிடும். இசியு-வோ அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கலவை கெடும், ஸ்பார்க் பிளக் கரியேறும். அந்த வால்வு சரியாக மூடாமல் ஐட்லிங்கிலும் கசிந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. காற்றை மறுபடி உள்ளே திருப்பிவிடும் பழைய வால்வைப் போட்டால் சத்தம் போகும், பிரச்சினையும் போகும்.

நீலப் புகை வந்தால் டர்போவின் சீல், வால்வு சீல், பிஸ்டன் ரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எந்த ட்யூனிங்கும் அதைக் குணப்படுத்தாது.

சோதனைக்கு முந்திய வாரம்

காடி அடிப்படையில் சரியாக இருந்தால், ஒரு வாரத்தில் செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. இன்ஜின் எண்ணெயை மாற்றுவதில் தொடங்கலாம். பெட்ரோல் அதிகமாக ஓடிய இன்ஜினில், எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்திருக்கும். சூடானதும் அது ஆவியாகி, பிசிவி வால்வு வழியாக மறுபடி இன்ஜினுக்குள் போய்க் கணக்கைக் கெடுக்கும். புது எண்ணெய் போட்டவுடன் எண் இறங்குவதைப் பட்டறைக் கருவியில் கண்ணாலேயே பார்க்கலாம். காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக் இரண்டையும் மாற்ற வேண்டும். டர்போவுக்காக மிகக் குளிர்ந்த வகைப் பிளக் போட்டிருந்தால், சோதனைக்கு ஒரு படி சூடான வகை நல்லது. குளிர்ந்த பிளக் ஐட்லிங்கில் கரியேறிவிடும்.

எக்சாஸ்ட் இணைப்புகளில் கசிவு இருந்தால் அடைக்க வேண்டும். சென்சருக்கு முன்னால் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, 'ஆக்சிஜன் அதிகம்' என்று சென்சர் ஏமாறும். உடனே இசியு பெட்ரோலைக் கூட்டும். ஓட்டை ஒன்றுதான், கெடுவது இரண்டு பக்கமும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ட்யூனரிடம் போக வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியது சக்தி அல்ல. ஐட்லிங்கிலும் சாதாரண ஓட்டத்திலும் சென்சரின் சொல்லைக் கேட்டு இசியு ஓட வேண்டும், கலவை 14.7-ஐ ஒட்டி நிற்க வேண்டும் என்று கேட்க வேண்டும். முழு முறுக்கலில் பெட்ரோல் அதிகமாக இருப்பது இன்ஜினைக் காப்பாற்ற அவசியம். அதைத் தொட வேண்டியதில்லை. ஒரே காடியில் இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்பதை நல்ல ட்யூனர் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாதவரிடம் காடியை விட வேண்டியதில்லை.

வாயு அளக்கும் கருவி உள்ள பட்டறையில் முன்கூட்டியே ஒருமுறை அளந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு, தேறாமல் போய் லீவு போட்டு மறுபடி வரிசையில் நிற்கும் செலவைவிடக் குறைவு.

சோதனை நாளன்று காடி சூடாக இருக்க வேண்டும். கேட்டலிஸ்ட் வேலை செய்யத் தொடங்குவதே 250 முதல் 300 பாகை செல்சியஸில்தான். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் மையம் என்றால், சுற்றி வளைத்து அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் போகலாம். வரிசை நீளமாக இருந்து இன்ஜினை அணைத்துவிட்டால் கேட்டலிஸ்ட் ஆறிவிடும். முறை வருவதற்கு முன் சில நிமிடங்கள் ஐட்லிங்கைவிட உயர்ந்த சுற்றில் ஓடவிட்டால் மறுபடி சூடேறும். ஆனால் அடுத்த காடிக்காரரின் முகத்தில் ஊதாமல் இருக்கட்டும்.

குறுக்கு வழிகள்

பெட்ரோல் டாங்கியில் ஸ்பிரிட் ஊற்றினால் தேறும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆல்கஹாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை சற்று இளகி, கார்புரேட்டர் காலத்துக் காடிகளில் மோனாக்சைடு இறங்கியது உண்மைதான். சென்சர் வேலை செய்யும் காடியில் இசியு அதைக் கண்டுபிடித்து, குறைந்ததை மறுபடி ஊற்றிச் சரிக்கட்டிவிடும். மிஞ்சுவது பழைய ரப்பர் குழாய்கள் கெடுவது மட்டுமே.

இன்னொரு பழக்கம், ஒரு நாளைக்கு மட்டும் நண்பரின் ஸ்டாண்டர்ட் எக்சாஸ்டையும் கேட்டலிஸ்டையும் வாங்கி மாட்டிக்கொண்டு போவது. கருவியை ஏமாற்றிவிடலாம். மறுநாள் பழைய குழாயை மாட்டிக்கொண்டு சாலையில் இறங்கினால், அதிகாரிகள் பிடிக்கும்போது சோதனைச் சீட்டு எந்த உதவியும் செய்யாது. சத்தத்துக்கும் 1987-ஆம் ஆண்டிலிருந்தே தனி விதிமுறை இருக்கிறது. இதில் அதிகம் ஏமாறுவது காடியை வாங்குபவர்தான். ஆள் தெரியும், உள்ளே சொல்லி முடித்துத் தருகிறேன் என்று முந்நூறு, நானூறு கேட்கும் இடைத்தரகர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணம் போகும், மாட்டினால் கொடுத்தவரும் குற்றவாளி.

207 ரிங்கிட்டுக்காக

புகையில் தேறினாலும் அடையாளச் சோதனையில் விழும் காடிகள் ஏராளம். இன்ஜின் எண் கிராண்டில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பெயர் மாறாது.

இன்ஜின் மாற்றுவது சட்டவிரோதமல்ல. ஜேபிஜே-யின் அனுமதி பெற்று, இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான கடை ரசீதும் சுங்கப் பத்திரமும் காட்டி, சோதனை முடித்து, கிராண்டில் பதிவை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அதனால் ஹாஃப்கட் கடையில் பேரம் பேசும்போதே பத்திரம் உண்டா என்று கேட்க வேண்டும். பத்திரமில்லாத இன்ஜின் நூறு, இருநூறு மலிவாகக் கிடைக்கும். அது யாருடைய திருடப்பட்ட காடியிலிருந்து வந்தது என்பது யாருக்குத் தெரியும்?

பலர் பதிவை மாற்றாமல் விடுவதற்குச் சொல்லும் காரணம் ரோட் டேக்ஸ். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரிலுள்ள செலூன் வகைக் காடிக்கு, வீராவின் 1,468 சிசி இன்ஜின் என்றால் ஆண்டுக்கு 90 ரிங்கிட். 1,834 சிசி கொண்ட 4ஜி93 ஏறினால் 280 ரிங்கிட்டோடு, 1,800-க்கு மேலுள்ள ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு, ஆக 297. வித்தியாசம் ஆண்டுக்கு 207 ரிங்கிட், மாதத்துக்குப் பதினேழு சொச்சம். ரிம்முக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் இதை மிச்சப்படுத்தப் போய், விற்க முடியாத ஒரு காடியை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறார். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பதும் இதைத்தான். சொல்லப்படாத இன்ஜின், மறுக்கப்படும் இழப்பீட்டுக்கு ஒரு காரணம்.

தேறாத காடிகள் கடைசியில் 'சம்பூங் பாயார்' சந்தைக்குப் போகின்றன. பெயரை மாற்றாமல், மாதத் தவணையை மட்டும் வாங்கியவர் கட்டுவார் என்ற வாய்மொழி ஒப்பந்தம். இரண்டு மாதம் கட்டுவார். மூன்றாவது மாதம் தொலைபேசி எடுக்க மாட்டார். வங்கிக் கடிதமும் சம்மனும் தோட்டத்து வீட்டில் இருக்கும் பழைய உரிமையாளரின் பெற்றோர் கைக்கு வரும். மகன் பெயரில் உள்ள கடனுக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால் அவரும் சேர்ந்து அலைய வேண்டும். ஒரு சென்சரும் ஒரு கேட்டலிஸ்டும் ஒரு பதிவு மாற்றமும் போட்டிருந்தால் முறையாக விற்றிருக்கக்கூடிய காடி அது.

வரம்புகள் எதற்கு என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு வாசலைப் பார்த்தால் போதும். மாடி வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் காடி நிற்பது படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே. கேட்டலிஸ்ட் இல்லாத, பெட்ரோல் அதிகமாக ஓடும் காடியைக் காலையில் பத்து நிமிடம் சூடேற்றினால், ஐந்தாறு விழுக்காட்டு மோனாக்சைடு அந்த ஜன்னல் வழியாகத்தான் போகும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வாசல் கதவு மூடியிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

மாற்றியமைத்த காடியை வாங்க நினைப்பவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் மூன்றைப் பார்த்துக்கொள்ளலாம். இன்ஜின் எண்ணைக் கைவிளக்கு வைத்துப் படித்து கிராண்டோடு ஒப்பிடுவது ஒன்று. காடியின் அடியில் குனிந்து, கேட்டலிஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, ஒப்பந்தத் தாளில் ஒரு வரி எழுதச் சொல்வது: பி5 சோதனையில் தேறிய பிறகே மீதிப் பணம், தேறாவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும். காடியில் ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் அந்த வரிக்குக் கீழே தயங்காமல் கையெழுத்துப் போடுவார்.